பற்றும் விடுதலும்: கரியமில வாயுவைக் கரைக்கும் திரவங்களின் கதை

கோலி சோடா குடித்து வளர்ந்தவர்களுக்குக் கரைதலைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலால் கோலியை அமுக்கியதும் சீறிக்கொண்டு பொங்கும் நுரைதான் பாடம். அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் கரியமில வாயுவை வைத்துக்கொள்கிறது. அழுத்தம் நீங்கினால் விட்டுவிடுகிறது. லீட்ஸ் நகரில் ஒரு மதுவடிப்பாலைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, இந்த வாயுவைத் தண்ணீரில் ஏற்றும் வழியை 1772ல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். வில்லியம் ஹென்றி 1803ல் அதை அளந்து விதியாக்கினார். ஹிரம் காட் 1872ல் கோலி அடைத்த புட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் புட்டி நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் வந்து நிலைத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது சோடாவின் கதையல்ல. ஆனால் தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க நூறாண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் செய்துவரும் முயற்சிகள் எல்லாவற்றின் சாரமும் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. ஒரு திரவம் வாயுவைப் பிடிக்க வேண்டும். பிறகு கேட்டபோது விட வேண்டும். விட்டபின் மறுபடி பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். பிடிக்கத் தெரிந்த திரவங்கள் பல உண்டு. சுண்ணாம்புத் தெளிவு பிடிக்கும், காஸ்டிக் சோடா பிடிக்கும். ஆனால் அவை பிடித்தால் விடுவதில்லை. பிடித்ததை எளிதில் விடுகிற திரவமோ பெரும்பாலும் சரியாகப் பிடிப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூலக்கூறைத் தேடியதுதான் கரைப்பான்களின் வரலாறு.

பெரிய அளவில் முதலில் பயன்பட்டது வெறும் தண்ணீர்தான். ஹாபர் கண்டுபிடித்த அம்மோனியாத் தொகுப்பை ஆலையாக மாற்றிய கார்ல் பாஷ், ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் 1913ல் உற்பத்தியைத் தொடங்கினார். அங்கே ஹைட்ரஜனோடு கலந்துவந்த கரியமில வாயுவை உயர் அழுத்தத்தில் தண்ணீரால் கழுவினார்கள். ஆலையளவு பெருத்த கோலி சோடா. அங்கே அது ஒத்துவந்ததற்குக் காரணம், வாயு ஏற்கெனவே அழுத்தத்தில் இருந்ததுதான். புகைபோக்கியின் நிலைமை வேறு. நிலக்கரி எரிக்கும் கொதிகலனின் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்குதான் கரியமில வாயு. மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அழுத்தமும் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தமே. அத்தனை புகையையும் அழுத்தித் தண்ணீருக்குள் செலுத்தினால், மின்நிலையம் தனக்காகவே மின்சாரம் தயாரிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே வெறுமனே இடம் கொடுக்கும் திரவம் போதாது. வேதியியல் ரீதியாகக் கைநீட்டிப் பற்றும் திரவம் வேண்டும்.

அந்தக் கை, அமீன்கள் என்ற குடும்பத்தில் இருந்தது. அமீன் என்பது அம்மோனியாவின் உறவுக்காரன். அம்மோனியாவின் மூன்று ஹைட்ரஜன்களில் ஒன்றையோ பலவற்றையோ எடுத்துவிட்டுக் கரிமச் சங்கிலியைப் பொருத்தினால் அமீன். மீன் கெட்டுப்போகும்போது எழும் வாடை இந்தக் குடும்பத்துடையதுதான். அந்தச் சங்கிலியின் நுனியில் சாராயத்தில் இருப்பது போன்ற ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனை இருந்தால் அது எத்தனாலமைன். பாரிசில் வூர்ட்ஸ் என்ற வேதியியலாளர் 1860ஐ ஒட்டி இவற்றைச் செய்து காட்டினார். பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவை ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருந்தன. எத்திலீன் ஆக்சைடு ஆலைப் பொருளாக மாறிய 1920களின் இறுதியில்தான் எத்தனாலமைன்கள் பீப்பாய்க் கணக்கில் கிடைக்கத் தொடங்கின.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். கர்ட்லர் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பாட்டம்ஸ், 1930 டிசம்பர் 2ம் தேதி ஒரு காப்புரிமை பெற்றார். எண் 17,83,901. அமில வாயுக்களைப் பிரித்தெடுக்கும் முறை என்பது அதன் தலைப்பு. கலவை வாயுவை ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து மேலே அனுப்பு. அமீன் கரைசலை உச்சியிலிருந்து பொழி. இரண்டும் எதிரெதிராகக் கடக்கும்போது கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் திரவத்துக்குள் போகும். அந்தத் திரவத்தை இன்னொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கு, வாயு வெளியேறும். வெறும் கையோடு நிற்கும் திரவத்தைக் குளிரவைத்து மறுபடி முதல் கோபுரத்துக்கு அனுப்பு. அவ்வளவுதான். இன்று உலகில் எங்கே புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலை கட்டப்பட்டாலும் அநேகமாக இதே இரண்டு கோபுரங்கள்தான். ஒரு காப்புரிமைப் படம் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் மாறாமல் நிற்பது தொழில்நுட்ப உலகில் அரிது. மாறியதெல்லாம் உள்ளே ஓடும் திரவம்.

பாட்டம்சின் நோக்கத்தைப் பற்றி மயக்கம் வேண்டாம். பூமியின் வெப்பம் அவர் கவலை அல்ல. எரிவாயுவில் கலந்துவரும் அமில வாயுக்கள் குழாயை அரிக்கும், எரிதிறனைக் குறைக்கும், துர்நாற்றம் வீசும். அவற்றை நீக்கினால்தான் எரிவாயு விலைபோகும். அர்ரீனியஸ் 1896லேயே கரியமில வாயுவுக்கும் பூமியின் வெப்பத்துக்கும் கணக்குப் போட்டிருந்தார். கலெண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1938ல், வெப்பம் ஏற்கெனவே உயர்ந்துகொண்டிருக்கிறது என்று அளவுகளோடு எழுதினார். ஒரு பக்கம் இந்த எச்சரிக்கைகள். மறுபக்கம் வாயுவைப் பிரிக்கும் கோபுரங்கள். இரண்டும் தனித்தனிப் பாதையில் பல பத்தாண்டுகள் நடந்தன.

முதல் ஆலைகளில் ஓடியது ட்ரைஎத்தனாலமைன். சீக்கிரமே அதைவிட எளிய, எடை குறைந்த மோனோஎத்தனாலமைன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது வேகமாகப் பற்றும், மலிவு. எங்கெல்லாம் மூச்சுமுட்டும் சிக்கல் இருந்ததோ அங்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. 1950களில் அமெரிக்கா கட்டத் தொடங்கிய அணு நீர்மூழ்கிகள் வாரக்கணக்கில் மேலே வராமல் இருக்க முடிந்ததில் இதற்கும் பங்குண்டு. மாலுமிகள் விடும் மூச்சை இந்தத் திரவம் கழுவிக் கொடுத்தது. கரைக்குத் திரும்பும் மாலுமியின் துணியில் படிந்திருக்கும் அமீன் வாடை அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற ஒன்று.

ஆனால் அது இரும்பைத் தின்னும். கரைசலில் அமீனின் அளவைக் கூட்டினால் அரிப்பும் கூடும். ஆகவே நூற்றுக்கு இருபது, அரிப்புத் தடுப்பான் சேர்த்தால் முப்பது பங்கு என்று கட்டுப்படுத்தி வைத்தார்கள். மீதி எழுபது பங்கு தண்ணீர். 1984 ஜூலை 23ம் தேதி, சிகாகோவுக்கு அருகே ரோமியோவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஓர் அமீன் கோபுரம், பழுதுபார்த்துப் பற்றவைத்த இடத்தை ஒட்டிப் பிளந்தது. பதினேழு பேர் இறந்தனர். அவர்களில் பலர் கசிவைக் கேட்டு ஓடிவந்த ஆலைத் தீயணைப்புப் படையினர். கரைப்பான்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் அரிப்பு என்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதினேழு பேரின் நினைவு வருகிறது.

இதுவரை சொன்னது அனுபவத்தால் நடந்த கதை. கிடைத்ததை ஊற்றிப் பார்த்தார்கள், நின்றதை வைத்துக்கொண்டார்கள். திரவத்தை அறிந்து, அதன் மூலக்கூறை வேண்டியபடி தேர்ந்தெடுப்பது வேறு காரியம். அதற்கு அடித்தளம் இட்டவர் பீட்டர் டாங்க்வர்ட்ஸ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1940ன் இலண்டன். ஜெர்மானிய விமானங்கள் பாராசூட்டில் கட்டிக் கண்ணிவெடிகளை இறக்கிக்கொண்டிருந்தன. டாங்க்வர்ட்ஸ் அப்போது இளைஞர். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்துவிட்டுக் கடற்படையின் துணைப்பிரிவில் அப்போதுதான் சேர்ந்தவர். துறைமுகப் பகுதியில் ஏறத்தாழ 48 மணி நேரம் இடைவிடாமல் பணியாற்றி பதினாறு கண்ணிகளைச் செயலிழக்கச் செய்தார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளித்தார்கள். போர் முடிந்தபின் இந்த மனிதர் எடுத்துக்கொண்ட கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், இதைவிடச் சாதுவான கேள்வி இருக்க முடியாது: ஒரு வாயு ஒரு திரவத்துக்குள் எப்படிப் போகிறது?

அதுவரை இருந்த சித்திரம் 1923ல் விட்மன் தந்தது. திரவத்தின் மேற்பரப்பில் அசையாத ஒரு மெல்லிய ஏடு இருக்கிறது, பால்மேல் ஆடை போல. வாயு அதை ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். டாங்க்வர்ட்ஸ் 1951ல் அந்த ஆடையைக் கலைத்தார். கலங்கி ஓடும் திரவத்தில் அசையாத ஏடு எங்கிருந்து வரும்? உள்ளிருந்து துளித்துளியான திரவப் பகுதிகள் மேற்பரப்புக்கு வருகின்றன, சற்று நேரம் வாயுவோடு முகம் பார்க்கின்றன, மறுபடி அமிழ்ந்துவிடுகின்றன. எவ்வளவு நேரம் மேலே இருக்கும் என்பது தற்செயல். சந்தைக் கூட்டத்தில் ஒருவர் கடை முன்னால் நிற்கும் நேரத்தைப் போல: சிலர் எட்டிப்பார்த்துவிட்டு நகர்கிறார்கள், சிலர் பேரம் பேசுகிறார்கள். அந்தத் தற்செயலைக் கணிதமாக்கினால் கரைதலின் வேகம் கிடைக்கிறது. மேற்பரப்புப் புதுப்பித்தல் என்று அந்தக் கொள்கைக்குப் பெயர். இதன் விளைவு முக்கியமானது. துளி மேலே நிற்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் வேதிவினை நடந்துவிட வேண்டும். மெதுவாகப் பற்றும் அமீன் எவ்வளவு கொள்ளளவு உடையதானாலும், பற்றுவதற்குள் துளி அமிழ்ந்துவிடும். கோபுரத்தை இன்னும் உயரமாகக் கட்ட வேண்டியதுதான்.

கேம்பிரிட்ஜில் அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் ஜோத்பூரில் பிறந்த மன் மோகன் சர்மா. அமீன்களோடு கரியமில வாயு வினைபுரியும் வேகத்தை ஒவ்வொன்றாக அளந்து, காரத்தன்மை கூடக்கூட வேகமும் ஓர் ஒழுங்கோடு கூடுகிறது என்று காட்டினார். குருவும் மாணவரும் சேர்ந்து 1966ல் வெளியிட்ட நீண்ட கட்டுரை, காரங்களிலும் அமீன்களிலும் கரியமில வாயு கரைவதைப் பற்றி அதுவரை தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் வைத்தது. அதற்குள் சர்மா பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித்தொழில்நுட்பத் துறைக்கு, தம் இருபத்தேழாம் வயதில், பேராசிரியராகத் திரும்பிவிட்டார். 1990ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பொறியாளர் அவர். கணிதத்துக்கு ராமானுஜன், இயற்பியலுக்கு ராமன் என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். சர்மாவின் பெயரை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

அந்த ஒழுங்கில்தான் சிக்கலும் இருந்தது. வேகமாகப் பற்றும் அமீன் இறுகவும் பற்றுகிறது. இறுகப் பற்றியதைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். மோனோஎத்தனாலமைன் கரியமில வாயுவைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு அமீன் மூலக்கூறு நேரடியாக அந்த வாயுவோடு பிணைந்து கார்பமேட் ஆகிறது; அப்போது கழலும் புரோட்டானை ஏந்திக்கொள்ள இரண்டாவது அமீன் மூலக்கூறு வேண்டும். இந்த வழிமுறையை மைக்கேல் காப்லோ 1968ல் முன்வைத்தார். டாங்க்வர்ட்ஸ் 1979ல் அதை எடுத்துப் பொறியாளர்களின் உலகுக்குக் கொண்டுவந்தார். ஒன்றைப் பிடிக்க இருவர். எடைக்கணக்குப் போட்டால், ஒரு கிலோ கரியமில வாயுவுக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ கரைசல். சூடாக்கினாலும் முழுவதையும் அது விட்டுவிடுவதில்லை என்பதால் நடைமுறையில் அதைப்போல் இருமடங்கு. அத்தனையும் ஐம்பது டிகிரியிலிருந்து நூற்றிருபது டிகிரிக்கு ஏற வேண்டும். பெரும்பகுதி தண்ணீர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்கச் செலவாகும் வெப்பத்தில் ஒன்றரை டன் தண்ணீரை முழுக்க ஆவியாக்கிவிடலாம். இந்த வெப்பத்தை மின்நிலையத்தின் நீராவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கூடவே வாயுவை அழுத்தி அனுப்பும் செலவையும் சேர்த்தால், நிலையம் தரும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை போய்விடும். பிடிப்பதற்கு அல்ல, விடுவிப்பதற்குத்தான் அவ்வளவு விலை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். கைடோ சார்ட்டோரியும் டேவிட் சாவேஜும் 1983ல் வெளியிட்ட கட்டுரையின் கருத்து மிக எளிது. அமீனின் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே பருத்த கரிமக் கிளைகளை ஒட்டவைத்தால் என்ன ஆகும்? கரியமில வாயு நெருங்கிவந்து உட்கார இடமில்லாமல் போகும். நெரிசல் மிகுந்த பேருந்தில் ஒற்றைக்காலில் தொங்கும் பயணியைப் போல, பிணைப்பு உறுதியற்றதாகும். கார்பமேட் நிலைக்காது, தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு பைகார்பனேட் ஆக்கிவிடும், அமீன் மறுபடி விடுதலை பெறும். இப்போது ஒன்றுக்கு ஒன்று. கொள்ளளவு இருமடங்கு, விடுவிக்கவும் எளிது. அவர்கள் எடுத்துக்காட்டிய அமீன்களில் ஒன்று, இரண்டு மெத்தில் கிளைகள் நெருக்கும் அமினோமெத்தில்புரொப்பனால். ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.எம்.பி. நான் அறிந்தவரை, ஒரு குறையை உருவத்தால் தீர்க்கலாம் என்று கண்டு மூலக்கூறைத் தேர்ந்த முதல் பெரிய வெற்றி இதுதான். கரைப்பான் வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் வருகிறது.

இன்னொரு வழியும் இருந்தது. மெத்தில்டைஎத்தனாலமைன் போன்ற மூன்றாம்நிலை அமீன்களின் நைட்ரஜனில் ஹைட்ரஜனே கிடையாது. ஆகவே கார்பமேட் பேச்சே இல்லை. விடுவிப்பது மிக எளிது, பற்றுவதோ ஆமை வேகம். அதற்குப் பைப்பரசைன் என்ற வேகமான அமீனைச் சிறிதளவு துணைக்குச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1980களில் அதைப் பரவலாக்கியது. சிறுவயதில் பூச்சி மருந்து குடித்தவர்களுக்குப் பைப்பரசைன் பழைய எதிரி. குடல்புழுவை வெளியேற்ற அந்த இனிப்புத் திரவத்தில் இருந்தது அதேதான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் காரி ரோஷெல் இந்த மூலக்கூறின்மேல் பல்லாண்டு உழைத்து, 150 டிகிரி வரை அது சிதையாமல் நிற்கும் என்று காட்டினார். அமீன் கழுவலே நிலக்கரி நிலையங்களுக்கு ஏற்ற வழி என்று 2009ல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையினர் எல்லோரும் அறிந்தது.

இவ்வளவு அறிவும் எதற்குப் பயன்பட்டது என்பது கசப்பான பகுதி. புகையிலிருந்து பிடித்த வாயுவுக்கு வாடிக்கையாளர் வேண்டும். கலிஃபோர்னியாவின் ட்ரோனா ஊரில் 1978 முதல் ஓர் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து உப்பேரி நீரில் செலுத்தி சோடா உப்பு செய்துவந்தது. டெக்சசில் 1972 முதல், வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளுக்குள் இந்த வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயை வெளியே தள்ளினார்கள். ஒரு பக்கம் பிடித்த கரியை வைத்து மறுபக்கம் புதைந்த கரியைத் தோண்டியெடுப்பது. பிடித்ததை வளிமண்டலத்துக்கு எட்டாமல் ஒளித்துவைக்க வேண்டும் என்ற யோசனை 1977ல்தான் செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலியரிடமிருந்து வருகிறது. ஜிப்ரால்டர் நீரோட்டத்தில் விட்டு அட்லாண்டிக்கின் ஆழத்துக்கு அனுப்பலாம் என்றார். நடைமுறைக்கு வந்தது 1996ல், நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில். அங்கே எடுக்கும் எரிவாயுவில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கரியமில வாயு. விற்பதற்கு அதைக் குறைத்தே ஆக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991ல் விதித்த கரிவரி கட்ட வேண்டும். ஆகவே கடலடியில் உள்ள மணற்கல் அடுக்குக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இறக்கினார்கள். பிடிக்கும் திரவம் அதே மெத்தில்டைஎத்தனாலமைன். வேதியியலைவிட வரி வல்லமை மிக்க கரைப்பான் என்று அன்று ஒருவர் நினைத்திருந்தால் தவறில்லை.

ஜப்பானின் மிட்சுபிஷி கனரகத் தொழிலகமும் கன்சாய் மின்நிறுவனமும் 1990ல் தொடங்கிய ஆய்வு, கே.எஸ்.1 என்ற திரவத்தைத் தந்தது. நெரிசல் அமீன் வகை. அதன் முதல் வணிக ஆலை 1999ல் மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஓர் உர ஆலையில். 2006ல் உத்தரப் பிரதேசத்தின் ஆவ்லாவிலும் பூல்பூரிலும் இஃப்கோவின் உர ஆலைகள் நாளொன்றுக்கு 450 டன் பிடிக்கும் கோபுரங்களை எழுப்பின. இயற்கை எரிவாயுவிலிருந்து யூரியா செய்யும்போது அம்மோனியா மிஞ்சும், கரியமில வாயு போதாது. அந்தக் குறையைத் தங்கள் புகையிலிருந்தே நிரப்பினார்கள். நல்ல சிக்கனம். ஆனால் யூரியா வயலில் விழுந்ததும் அந்த வாயு திரும்பக் காற்றுக்குப் போய்விடுகிறது.

நிலக்கரி மின்நிலையம் ஒன்றில் முழு அளவில் செய்து பார்த்தது கனடாவின் சஸ்காட்சுவான். பவுண்டரி டாம் நிலையத்தின் மூன்றாம் அலகு 2014 அக்டோபரில் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் இலக்கு. முதல் ஆண்டிலேயே அது பாதி நேரம்கூட ஓடவில்லை என்பது வெளிவந்தது. நுண்சாம்பல் உள்ளே புகுந்தது. அமீன் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைந்தது. 2023ன் தொடக்கத்தில் ஐம்பது லட்சம் டன்னை எட்டியதாக அறிவித்தார்கள். இலக்கின்படி எண்பது லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். டெக்சசின் பெட்ரா நோவா 2017 ஜனவரியில் தொடங்கி, பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்கு அனுப்பியது. எண்ணெய் விலை விழுந்த 2020 மே மாதத்தில் நின்றது. 2023 செப்டம்பரில் மறுபடி ஓடியது. இந்த இரண்டையும் பற்றிப் பேசுபவர்கள், இது மோசடி என்றோ இதுவே விமோசனம் என்றோ சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் சோம்பலான முடிவுகளாகவே தோன்றுகின்றன. பவுண்டரி டாமில் தோற்றது பாட்டம்சின் கோபுரமல்ல; சுத்தமான எரிவாயுவில் பழகிய திரவம், சாம்பலும் ஆக்சிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்த புகையை முதன்முறையாக ஆண்டுக்கணக்கில் குடித்தது. அது நோயுற்றது.

நோய் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சிதையும் அமீன் எங்கே போகிறது? மோனோஎத்தனாலமைனைப் பொறுத்தவரை, ஒரு டன் வாயு பிடிக்க ஒன்றரை கிலோ அளவில் இழப்பு என்பது பழைய கணக்கு. ஆயிரம் மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றில் ஆண்டுக்கு அறுபது லட்சம் டன் பிடித்தால், ஒன்பதாயிரம் டன் அமீன் கெட்டுப்போகும். அதில் ஒரு சிறு பகுதி ஆவியாகப் புகைபோக்கி வழியே போகலாம். நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேரும்போது சில அமீன்கள் நைட்ரோசமைன்களாகின்றன. அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை. நார்வே நாடு மோங்ஸ்டாடில் பெரும் ஆலை கட்டத் திட்டமிட்டபோது, அது எங்கள் நிலவுப் பயணம் என்று பிரதமர் ஸ்டோல்டன்பெர்க் 2007 புத்தாண்டு உரையில் சொன்னார். ஆலைக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள் எதைச் சுவாசிப்பார்கள் என்ற கேள்வி எழுந்தது. அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் 2011ல் வரம்பு வகுத்தது: ஒரு கன மீட்டர் காற்றில் இந்த வகைப் பொருள்கள் மொத்தமாக 0.3 நானோகிராமுக்கு மேல் கூடாது. அவ்வளவு நுண்ணிய அளவு. 2012ல் அங்கே சோதனை நிலையம் திறந்தது. பெரும் ஆலைத் திட்டம் 2013ல் கைவிடப்பட்டது. அதற்குச் செலவும் தாமதமும் முக்கியக் காரணங்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். கே.எஸ்.1க்குள் என்ன இருக்கிறது என்று அதன் சொந்தக்காரர்கள் சொல்வதில்லை. பவுண்டரி டாமில் ஓடிய கான்சால்வ் திரவத்தின் முழுச் செய்முறையும் வணிக இரகசியம்தான். பாட்டம்ஸ் தன் மூலக்கூறுகளின் பெயரைக் காப்புரிமையில் வரிசையாக எழுதினார். டாங்க்வர்ட்சும் சர்மாவும் அளந்த ஒவ்வொரு எண்ணையும் அச்சிட்டார்கள். எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ட்டோரியும் சாவேஜும்கூட மூலக்கூறின் படத்தோடு எழுதினார்கள். மண்டலக் காற்றைக் காப்பாற்றும் திரவம் என்று இப்போது முன்வைக்கும்போது மட்டும், பெயர் தெரியாத ஒன்றின் அருகில் குடியிருக்கச் சொல்கிறார்கள். இதற்கு மாற்று இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சீசர் என்ற ஆய்வுத்திட்டத்தில், நெரிசல் அமீனான ஏ.எம்.பி.யையும் பூச்சி மருந்துப் பைப்பரசைனையும் கலந்து, அளவோடு பொதுவில் வெளியிட்டார்கள். மோங்ஸ்டாடில் அதை ஓட்டி, சிதைவையும் கசிவையும் அளந்து அச்சிட்டார்கள். மோனோஎத்தனாலமைனைவிட வெப்பச் செலவு குறைவு. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அயனித் திரவங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அவற்றை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கக்கூடும். ஆவியாகாத உப்புத் திரவங்களில் கரியமில வாயு தாராளமாகக் கரைகிறது என்று 1999லும், அமீன் முனை ஒட்டிய அயனித் திரவம் அதைப் பற்றுகிறது என்று 2002லும் வந்த கட்டுரைகள் பெரும் பரபரப்பு ஊட்டின. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் பின்தொடர்ந்தன. ஆனால் வாயுவைப் பிடித்ததும் பல திரவங்கள் பாகு போலத் தடித்தன. பாகைக் கோபுரத்தில் பொழிய முடியாது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. 2016ல் தூத்துக்குடியில், சோடா உப்பு செய்யும் டி.ஏ.சி. ஆலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் கோபுரத்தை இயக்கியது. அரசு மானியம் இல்லாமல். திரவத்தைத் தந்தது, கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்கள் இருவர் 2009ல் தொடங்கிய நிறுவனம். வழக்கமான அமீனைவிட அரிப்பும் வெப்பச் செலவும் குறைவு என்றார்கள். வெளியில் விலைகொடுத்து வாங்கிய வாயுவுக்குப் பதிலாகத் தன் புகையையே ஆலை பயன்படுத்திக்கொண்டது. உலகப் பத்திரிகைகள் 2017 தொடக்கத்தில் இதைத் திருப்புமுனை என்று எழுதின. கணக்குச் சரியாக வந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கொதிகலன் பத்து மெகாவாட் அளவு. சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் பிடித்த வாயு உருகும் மணலிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். ட்ரோனாவில் 1978ல் செய்ததன் மேம்பட்ட வடிவம் இது.

நிலக்கரிக்கு மாற்று வந்துவிட்டது. காற்றாலையும் சூரியத்தகடும் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே கரைப்பான்களுக்கு மிச்சமிருக்கும் உண்மையான இடம் சிமென்ட் சூளை என்று நினைக்கிறேன். அங்கே வெளியேறும் வாயுவில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லே சுடும்போது விடுவது. எடின்பரோவைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1750களில் முதன்முதலாக இந்த வாயுவைத் தனித்து அறிந்ததும், இத்தகைய வெள்ளைக் கல்லைச் சுட்டபோது எடை குறைவதைத் தராசில் பார்த்துத்தான். நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் அமீன் கோபுரங்கள் திறந்தன. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் பிடித்து, கப்பலேற்றி, கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் இறக்கும் திட்டம். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போனது. நான்கு லட்சம் என்பது அந்த ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழ பாதி. மீதிப் பாதியை ஏன் விட்டார்கள் என்று தேடிப்பார்த்தேன். சூளையில் வீணாகும் வெப்பம் அமீனைப் பாதிக்கு மட்டுமே விடுவிக்கப் போதுமானதாக இருந்தது.